யாருடைய பசிக்கு?

பன்றி அறுபது கிலோவைத் தாண்டும்வரை யாரும் என்னிடம் தர்மம் பேசுவதில்லை. குட்டியாக இருக்கும்போது தெருப் பிள்ளைகள் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முப்பது, நாற்பது கிலோவில் அது வெறும் நாற்றம். அக்கம்பக்கத்தார் பஞ்சாயத்தில் மனு கொடுப்பதோடு சரி. அறுபதுக்கு மேல்தான் அது இறைச்சியாகக் கண்ணில் படத் தொடங்குகிறது. கேரளத்து வியாபாரி வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ரப்பர் மரங்களுக்கிடையே இறங்கி வருவார். அழிக்கு மேலாகக் கையை நீட்டி, கடைசி விலாவுக்கு நேரே முதுகை விரலால் அமுக்கிப் பார்ப்பார். "நெய் கூடுதலாணு சேச்சி" என்பார். அவர் நெய் என்பது தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பை. அப்படிச் சொன்னாரென்றால் விலை இறங்கப்போகிறது என்று அர்த்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அய்யாவழிக்காரர். சாமித்தோப்புக்குப் போனால் முத்திரிக் கிணற்றில் குளித்து, தலைப்பாகை கட்டிப் பதிக்குள் நுழைந்து, நெற்றியில் நாமத்தோடு திரும்புவார். வியாபாரி முதுகை அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், வண்டி போன பிறகு கேட்டார்: "பிள்ளே, ஒரு சந்தேகம். நீ தீனி வைக்கது அந்தப் பன்னி பசிக்கா, இல்ல அங்க கடையில நிக்கவன் பசிக்கா?"

கொல்லலாமா கூடாதா என்று கேட்டிருந்தால் எனக்குப் பழக்கம். இரண்டு பக்கமும் பேசிப் பேசித் தேய்ந்த வழக்கு அது. இவர் கேட்டது தீனியைப் பற்றி. காலையும் மாலையும் நான் தொட்டியில் கொட்டுகிற பாத்திரத்தைப் பற்றி.

நான் கத்தோலிக்கப் பெண், மார்த்தாண்டம் பக்கம். எங்கள் சாமியாரிடம் கேட்டால் திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரத்தைக் காட்டுவார். யோப்பாவில் வீட்டு மாடியில் பசியோடு இருந்த பேதுருவுக்கு வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்குகிறது. அதில் எல்லா விலங்கும் இருக்கின்றன. அடித்துச் சாப்பிடு என்று குரல் கேட்கிறது. ஆனால் அந்தக் காட்சியின் பொருளைப் பேதுருவே அதே அதிகாரத்தில் சொல்லிவிடுகிறார்: எந்த மனிதரையும் தீட்டு என்று தள்ளக்கூடாது என்பதுதான் பாடம். பன்றிக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது தொடக்க நூல். முதல் அதிகாரத்தில் மனிதனுக்கும் விலங்குக்கும் ஒரே பந்திதான், இலை தழை கனி. இறைச்சிக்கு அனுமதி வருவது வெள்ளம் வடிந்த பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில். அனுமதிக்கு முந்தின வசனத்தில் இன்னொன்று இருக்கிறது. பலர் அதை வாசித்துவிட்டுக் கடந்துபோவார்கள்: இனிமேல் விலங்குகள் எல்லாம் உங்களைக் கண்டு அஞ்சும் என்கிற அறிவிப்பு. முதலில் அச்சம், அடுத்து இறைச்சி. எழுதியவர் தெரிந்தே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். என் தொழிலில் எது சரி, எது தப்பு என்று பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல் அந்த இரண்டு வசனத்துக்கு இடையில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல முதலில் தீனியைச் சொல்ல வேண்டும்.

லேவியர் நூல் பன்றியைத் தள்ளிவைத்ததற்குச் சொன்ன காரணம், குளம்பு பிளந்திருந்தும் அது அசைபோடாது என்பது. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் இது எனக்கு விளங்கவே இல்லை. அசைபோடாததில் என்ன பாவம்? காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்துப் பண்ணையில் பயிற்சிக்குப் போனபோது, தீவனப் பாடமே அந்த இடத்தில்தான் தொடங்கியது. மாட்டுக்கு முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. வைக்கோலைப் போட்டாலும் அவை அதிலிருந்து மாட்டுக்கு வேண்டிய புரதத்தைக் கட்டிக் கொடுத்துவிடும்; எண்ணெய் உள்ளே போனால் அதன் குணத்தையே மாற்றிவிடும். பன்றிக்கு அந்த ஏற்பாடு இல்லை, நமக்கு இல்லாததுபோலவே. நாம் வைத்ததுதான் அதற்கு. நாம் வைக்க மறந்தது அதற்கு இல்லை. மோசேயின் சட்டம் எந்தக் காரணத்தைச் சொல்லி அதை விலக்கியதோ, அதே காரணத்தால் அது முழுக்க முழுக்க என் கையை நம்பி நிற்கிறது.

என் கலவை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மக்காச்சோளம், எண்ணெய் எடுத்த தவிடு, தேங்காய்ப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு, தாது உப்பு. கடைசியாக நூறு கிலோவுக்கு இருநூறு கிராம் அளவில் லைசின் தூள். மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டு இந்தச் சிட்டிகைக்காகத் தராசைத் துடைத்து வைப்பதைப் பார்த்தால் வேலைக்கு வருகிற பையன்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் மொத்தக் கணக்கும் அந்தச் சிட்டிகையில் நிற்கிறது. புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. இருபது அமினோ அமிலங்கள் சேர்ந்தது. பன்றியின் சதைக்கு அவை ஒரு விகிதத்தில் வேண்டும். மக்காச்சோளத்திலும் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் முதலில் தட்டுப்பாடாவது லைசின். தோவாளையில் மாலை கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்: மூன்று பிச்சி, ஒரு கிரேந்தி என்று கட்டிக்கொண்டு வரும்போது கிரேந்தி தீர்ந்துவிட்டால், கூடை நிறையப் பிச்சி இருந்தும் மாலை அங்கேயே நின்றுபோகும். லைசின் தீர்ந்த இடத்தில் சதை நின்றுபோகும். மிச்சமுள்ள அமிலங்களிலிருந்து உடம்பு நைட்ரஜனைக் கழற்றி மூத்திரத்தில் விட்டுவிட்டு, எஞ்சியதை எரிக்கும் அல்லது கொழுப்பாக்கும். கொட்டிலில் நுழைந்ததும் கண் எரிகிறதே, அந்த அம்மோனியா பாதியும் காசு கொடுத்து வாங்கின பிண்ணாக்குதான். பிண்ணாக்கைக் குறைத்து லைசினைச் சேர்த்தால் எரிச்சலும் குறைகிறது. பஞ்சாயத்துக்கு மனு போவது அதற்கப்புறம் அபூர்வம். அயலானை நேசி என்கிற கட்டளையை இருநூறு கிராம் பொடியில் நிறைவேற்றிவிட்டதாக வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து கிலோ வரை தீவனத்தில் செரிக்கக்கூடிய லைசின் நூற்றுக்கு 0.85 அளவு வேண்டும்; நூறை நெருங்கும்போது 0.73 போதும். தின்கிற அளவு கூடிக்கொண்டே போகிறது. சதைக்குத் தேவைப்படுகிற பங்கு குறைந்துகொண்டே வருகிறது. ஏனென்றால் ஒரு நாளில் ஒரு பன்றியால் இவ்வளவு சதைதான் கட்ட முடியும் என்று அதன் உடம்பில் ஒரு வரம்பு இருக்கிறது. இனத்துக்கு இனம், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது மாறும். காயடித்த ஆணுக்குப் பசி அதிகம், வரம்பு கீழே. பெட்டைக்குப் பசி குறைவு, வரம்பு மேலே. அதனால்தான் இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்து வேறு வேறு கலவை கொடுக்கிறோம். வரம்புக்கு மேலே உள்ளே போகிற சக்தி அத்தனையும் கொழுப்பு. ஒரு கிலோ சதையில் முக்கால் கிலோ தண்ணீர். கொழுப்பில் தண்ணீர் சொற்பம். எனவே ஒரு கிலோ கொழுப்பு ஏற, ஒரு கிலோ சதை ஏறுவதைவிடப் பல மடங்கு தீனி வேண்டும். வியாபாரி விலையைக் குறைப்பது ஒரு நஷ்டம். அந்தக் கொழுப்பை ஏற்றியதே அதற்கு முந்தின நஷ்டம்.

ஆக என் பன்றிக்கு இரண்டு 'போதும்' இருக்கின்றன. சதை போதும் என்று சொன்ன பிறகும் வயிறு போதும் என்று சொல்வதில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தில்தான் கொழுப்பு சேர்கிறது. இதைப் பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பெருந்தீனிக்குப் படம் வரையச் சொன்னால் உலகம் முழுக்கப் பன்றியைத்தான் வரைகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்காட்டில் காட்டுப்பன்றி பழம் விழுகிற காலத்தில் தின்று சேர்த்துக்கொள்கிறது, காய்ந்த மாதங்களில் அதை வைத்து ஓட்டுகிறது. கொழுப்பு அதற்குச் சேமிப்பு. கொட்டிலில் நிற்கிற என் யார்க்‌ஷயர் கலப்பும் அதே காட்டு உடம்புதான். அதன் உடம்பு நாளை என்று ஒன்று இருப்பதாக நம்பித் தின்கிறது. அந்த நாளை அதற்கு எத்தனையாம் தேதி முடிகிறது என்பது எனக்குத் தெரியும். மலைப்பொழிவில் நாளைக்குச் சேர்த்து வைக்காத வானத்துப் பறவைகளுக்குப் பாராட்டு கிடைக்கிறது. நானோ சேர்த்து வைக்கிற ஒரு பிராணியைச் சேர்க்க விடாமல் வளர்ப்பதைத் தொழிலாக வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் கடவுள்களின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் யாரும் கொழுப்பு வேண்டாம் என்று சொன்னதாகத் தெரியவில்லை. லேவியர் நூல் மூன்றாம் அதிகாரத்தில் பலிவிலங்கின் கொழுப்பு முழுவதும் ஆண்டவருக்கு. மனிதர் அதைத் தொடவே கூடாது. எங்கள் பக்கத்தில் சுடலைமாடன் கொடைக்குப் பன்றி தேடி வருகிறவர்களும் நன்றாகக் கொழுத்ததாகத்தான் கேட்கிறார்கள். கறுப்பாகவும் இருக்க வேண்டுமாம். வெள்ளைப் பன்றியைக் காட்டினால் மாடனுக்கு ஆகாது என்று திரும்பிவிடுவார்கள். நேர்ந்துவிட்ட பன்றிக்கு வீட்டார் சோறும் கஞ்சியும் மரச்சீனியுமாகக் கொட்டுவார்கள். அது எத்தனை மாதம் தின்கிறது, எவ்வளவு தீனிச் செலவு என்று ஒருவரும் கணக்கெழுத மாட்டார்கள். சாமிக்குச் செலவழிக்கும்போது கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு வருஷத்துக்கு முன்பு மனிதர்களுக்கும் கொழுப்புத்தான் வேண்டியிருந்தது. சமையலுக்கு, சோப்புக்கு, விளக்குக்கு என்று பன்றி நெய்க்காகவே வளர்த்த இனங்கள் இருந்தன. பிறகு தாவர எண்ணெய் மலிந்தது; டாக்டர்கள் கொழுப்பைக் கண்டு முகம் சுளித்தார்கள். இங்கிலாந்துக்காரர்களின் காலைத் தட்டுக்குப் பேக்கன் விற்ற டென்மார்க் மட்டும் முன்னாலேயே விழித்துக்கொண்டு, 1907லேயே எந்தக் கிடாவின் குட்டிகள் மெலிந்த சதை போடுகின்றன என்று சோதித்துப் பார்க்க நிலையம் வைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பன்றியின் முதுகுக் கொழுப்பை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சீவிக்கொண்டே வந்தார்கள். இன்று நடுமுதுகிலிருந்து ஆறரை சென்டிமீட்டர் தள்ளி, கடைசி விலாவுக்கு நேரே அளவுகோல் வைக்கிறார்கள். எங்கள் வியாபாரியின் விரல் போகிற இடமும் ஏறத்தாழ அதுதான்; அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பன்றி தானாக மாறவில்லை, பசி மாறியது. ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது: ஆமாம் சார், கடையில் நிற்கிறவன் பசிக்குத்தான். அதை மறைத்துப் பிரயோசனமில்லை. ஆனால் அந்தப் பசிக்குப் போய்ச் சேர நாலு வழி இருக்கிறது. எல்லாம் ஒரே பாவம்தானே என்று நாலையும் ஒன்றாக மூட்டை கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் வழி, தீனியைக் குறைப்பது. வயிறு நிறைவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் கொழுப்புக்கு வழியில்லை. செலவும் மிச்சம். அரைவயிற்றுப் பன்றி அழியைக் கடிக்கும், காலித் தொட்டியை உருட்டும், பக்கத்தில் நிற்பதன் வாலைக் கவ்வும்.

இரண்டாவது, இனத்தையே மாற்றுவது. பெல்ஜியத்தில் பியெத்ரேன் என்று ஒரு ஊர். அந்தப் பெயரில் ஒரு பன்றி. தொடையும் பிட்டமும் பாளம் பாளமாக, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லாமல் இருக்கும். இறைச்சிக்காரன் கனவு. அதோடு கூடவே ஒன்று வந்தது. வண்டியில் ஏற்றினால், அடுத்த கூட்டத்தோடு கலந்தால், ஒரு சத்தம் கேட்டால், உடம்பு விறைத்துச் சூடேறி நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போகும். 1991ல் கனடாவில் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள்: தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடுகிற வாசலில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். சதையை ஏற்றிய அதே மாற்றம்தான் அதைப் பயத்தால் சாகிற பிராணியாகவும் ஆக்கியிருக்கிறது. பிறகு அந்த மரபணுவைக் களைந்தெடுத்தார்கள். இரக்கத்தால் என்று சொல்ல மாட்டேன், வண்டியில் சாவது நஷ்டம்.

மூன்றாவது, மருந்து. ராக்டோபமைன் என்ற பொருளை 1999ல் அமெரிக்காவில் பன்றித் தீவனத்துக்கு அனுமதித்தார்கள். கடைசிச் சில வாரங்களில் கலந்து கொடுத்தால் கொழுப்பாகப் போவது சதைக்குத் திரும்புகிறது. ஐரோப்பாவும் சீனாவும் தடை செய்தன. 2012ல் உலக உணவுத் தர ஆணையமான கோடெக்ஸில் அதற்கு எச்ச வரம்பு வைக்கலாமா என்று வாக்கெடுத்தபோது 69க்கு 67 என்று முடிந்தது. இரண்டு வாக்கில் தீர்மானமான விஞ்ஞானம். எனக்கு அதில் உறுத்துவது எச்சம் அல்ல. அந்தப் பொருள் அட்ரீனலினுக்கு ஒன்றுவிட்ட உறவு. அட்ரீனலின் உடம்பில் போய் உட்காருகிற அதே இடங்களில்தான் இதுவும் உட்காருகிறது. பயந்து ஓடுகிற விலங்கின் உடம்புக்குள் எழுகிற உத்தரவை, அது ஓடாமல் நிற்கும்போதே தொட்டி வழியாகக் கொடுக்கிறோம். ஒன்பதாம் அதிகாரத்து அச்சத்தை அரைத்துப் பொடியாக்கித் தீவனத்தில் கலந்ததுபோல.

ஒன்றில் பசி, மற்ற இரண்டில் பயம். நாலாவதாக எஞ்சுவது நான் மேலே சொன்ன சிட்டிகைக் கணக்கு: சதையின் வரம்பு எதுவோ அதுவரை குறைவில்லாமல் கொடுப்பது, வரம்பு இறங்க இறங்கக் கலவையை மாற்றுவது, வயிறு காயாமல் தவிட்டால் நிரப்புவது. மெலிந்த இறைச்சிக்குப் போகிற பாதைகளில் பசியையும் பயத்தையும் மிதிக்காமல் போகிறது இது ஒன்றுதான். இதில் பன்றி தன் உடம்பு கேட்பதைத் தின்று வளர்கிறது. கடைக்காரனும் தனக்கு வேண்டியதைப் பெறுகிறான். இரண்டு பசியும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகிற அகலம் கொஞ்சம்தான். அந்த அகலத்துக்குள் நிற்கலாம், வெளியே கால் வைக்கக் கூடாது என்பது என் பக்கத்துத் தீர்ப்பு.

இதைச் சொன்னபோது வாத்தியார் கையை மேற்கே நீட்டினார். எங்கள் இருவர் வீட்டு முற்றத்திலிருந்தும் சிதறால் மலை தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அங்கே சமணத் துறவிகள் இருந்தார்கள். பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இப்போது பகவதி கோயில். "அவங்க நாலு தானம் சொன்னாவ. அன்னம், மருந்து, சாத்திரம், அபயம். நீ எத்தனை கொடுக்க?" என்றார்.

அன்னம் கொடுக்கிறேன். மருந்து கொடுக்கிறேன், பூச்சிக்கும் பன்றிக் காய்ச்சலுக்கும் தவறாமல். சாத்திரத்தால் பன்றிக்கு ஆவது ஒன்றுமில்லை. அபயத்தில்தான் மாட்டினேன். பயமில்லாமல் வைத்திருக்கிறேன் சார் என்றேன். குச்சியால் அடிப்பதில்லை, அந்நியக் கூட்டத்தோடு கலப்பதில்லை, ஏற்றுகிற அன்று ஒரே அறைப் பன்றிகளை ஒன்றாகவே ஏற்றுகிறோம், வெயில் ஏறுமுன்பே.

"அபயம்னா கத்தி இல்லன்னு அர்த்தம் பிள்ளே. கத்தி இருக்கத பன்னிக்குத் தெரியாம வச்சிருக்கதுன்னு இல்ல."

அவர் சொல்வது சரி. நான் கொடுப்பது அபயம் அல்ல, அதன் கால் பங்கு. ஆனால் கொல்லப்போகிறவள் என்பதாலேயே மற்ற கடமையிலிருந்தெல்லாம் எனக்கு விலக்கு கிடைத்துவிடுமா? முழுத் துறவிக்கும் முழுக் கசாப்புக்கும் நடுவில் இடமே இல்லை என்று சொல்லிவிட்டால், கசாப்புக்காரனுக்குத்தான் அது வசதி. எப்படியும் பாவி, இனி குச்சி எடுத்தால் என்ன, மருந்து கலந்தால் என்ன என்று போய்விடுவான். தூய்மையானவர்கள் வகுக்கிற கோடு சில சமயம் இப்படித்தான் மிருகத்துக்கே எதிராக முடிகிறது. 1950ஆம் வருஷத்து உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி 2003ல் அமல்படுத்தியபோது இதைப் பார்த்தோம். கோயில் வாசலில் வெட்டினால் வழக்கு. நாலு கடை தள்ளி வெட்டினால் வியாபாரம். அடுத்த வருஷமே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அய்யா வைகுண்டர் அந்தச் சட்டத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்பே பலி வேண்டாம் என்று சொன்னார் என்று வாத்தியாருக்கு அதில் பெருமை உண்டு, நியாயமான பெருமை. ஆனால் அய்யா கேட்டது சாமிக்கு எதற்கு ரத்தம் என்று. சாமி இல்லாத இடத்தில் ஓடுகிற ரத்தத்தைப் பற்றி இப்போது யாருக்கும் அவ்வளவு கோபம் வருவதில்லை.

பயத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணம், அது இறைச்சியிலேயே பதிவாகிறது. சாகுமுன் சில நிமிடங்கள் பன்றி மிரண்டு திமிறினால் தசையில் உள்ள சர்க்கரை படபடவென்று அமிலமாகும். உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே, முக்கால் மணி நேரத்துக்குள் pH அளவு 6க்குக் கீழே விழுந்துவிடும். சூடும் அமிலமும் சேர்ந்து புரதத்தைக் கெடுக்க, இறைச்சி வெளிறி, தொளதொளத்து, தட்டில் தண்ணீர் விடும். மாறாக, முதல் நாளிலிருந்தே பசியும் அலைச்சலும் கலவரமுமாக இருந்தால் சர்க்கரை முன்பே தீர்ந்து, அமிலம் ஏறாமல், இறைச்சி கறுத்துக் காய்ந்திருக்கும், சீக்கிரம் கெடும். வெளிறியது கடைசி நிமிடத்துப் பயம், கறுத்தது கடைசி நாளின் துன்பம். மாதக்கணக்கில் அளந்து ஊட்டிய சதையைக் கடைசி ஐந்து நிமிடம் கெடுத்துவிட முடியும். வண்டி கிளம்பிவிட்டால் அப்புறம் என் கையில் இல்லை என்று சொல்வது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வசதியான பொய். எந்த வியாபாரிக்குக் கொடுப்பது என்பது என் கையில்தானே இருக்கிறது.

கொழுப்பும் அப்படியே சாட்சி சொல்லும். அசைபோடாத பிராணி என்பதால், தின்ற எண்ணெய் மாறாமல் முதுகில் வந்து படியும். ஹோட்டல் எச்சில் வாளியில் மிதக்கிற பொரித்த எண்ணெயைத் தின்ற பன்றியின் கொழுப்பு வழவழவென்று, கத்திக்கு நிற்காது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மலிவாகக் கிடைக்கிற மீன் கழிவைக் கடைசிவரை போட்டால், கறியைக் கொதிக்க வைக்கும்போது வீடே மீன் நாறும். தேங்காய்ப் பிண்ணாக்கில் மிஞ்சுகிற எண்ணெய் கெட்டியான ஜாதி. அதைத் தின்றதற்கு வெள்ளை வெளேரென்று உறுதியான கொழுப்பு. எச்சில் வாளியை நான் விட்டதற்கு வேறு காரணமும் உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ல் அஸ்ஸாமில் தலைகாட்டி 2022ல் வயநாடு வரை வந்தது. வேகாத எச்சிலில் ஒரு துண்டு நோய்ப்பட்ட இறைச்சி இருந்தால் பண்ணையே போய்விடும்.

அன்று வாத்தியார் வள்ளலாரையும் இழுத்தார். அவர் அய்யாவழியில் இருந்தாலும் வடலூரை விடமாட்டார். 1867ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் சோறு போடுகிறதே, அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். உயிர்களின் பசியைப் போக்குவதே பெரிய வழிபாடு என்றவர் வள்ளலார். புலால் உண்கிறவர்களைப் புற இனத்தார் என்று தள்ளி வைத்தார். ஆனால் அவர்கள் பசியோடு வந்தால் சோறு போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். "நீ புற இனம்தான். ஆனா பசிச்சு வந்தா போடுவேன்" என்றார் வாத்தியார். நான் திருவிளையாடலை எடுத்தேன். மதுரைப் பாண்டியன் வேட்டையில் தாயும் தகப்பனும் செத்துப்போக, பால் இல்லாமல் கிடந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதர் தாமே தாய்ப்பன்றியாக வந்து முலை கொடுத்தார். பன்றிக்கு ஊட்டுவதில் தெய்வத்துக்கே கூச்சம் இல்லையே என்றேன். "ஆமா, ஆனா அவரு பாலு குடிச்ச குட்டிய எடை போட்டு விக்கலயே. மந்திரியாக்கினாரு" என்றார். வாத்தியார்களோடு புராணம் பேசக் கூடாது.

இதற்குப் பிறகும் பலாக்காலத்தில் அவர் தோட்டத்துச் சக்கை என் கொட்டிலுக்கு வருகிறது. பழுத்து விழுந்ததைக் கடவத்தில் சுமந்து வேலியருகே வைத்துவிட்டு ஒரு நிபந்தனை சொல்வார்: "தள்ளைப் பன்னிக்குப் போடு. விக்கதுக்குப் போடாதே." கடைசிக் கட்டப் பன்றிக்கு நான் எப்படியும் போட மாட்டேன், சக்கையில் இனிப்புத்தான் இருக்கிறது, லைசின் இல்லை, நேரே முதுகில் கொழுப்பாக ஏறிவிடும். ஆனால் அவர் சொல்வது அந்தக் காரணத்துக்காக அல்ல. தாய்க்குக் கொடுப்பது தானம், விற்பனைக்கு நிற்பதற்குக் கொடுப்பது கூட்டு என்பது அவர் கணக்கு.

சார், தாய் தின்றதுதானே பாலாகிறது, பால் குடித்ததுதானே குட்டி, அந்தக் குட்டிதானே அறுபது கிலோவில் வியாபாரி விரலுக்குக் கீழே நிற்கிறது என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தாரேன்" என்றார். "பசிச்சு நிக்கதுகிட்ட நீ யாரு, நாளைக்கு எங்க போவேன்னு விசாரிச்சிட்டா போட முடியும்?"

அப்படியானால் விற்பதற்கு நிற்பதும் பசித்துத்தான் நிற்கிறது என்றேன். அவர் கடவத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அடுத்த வாரம் வரிக்கைச் சக்கை விழும், ஆள் அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.